பழைய பேருந்து கைக்கு வந்துவிட்டது: ஓட்டுவதா, நிறுத்திவைப்பதா, தொடாமல் காப்பதா?

பேருந்தின் பக்கவாட்டில், ஜன்னலுக்குக் கீழே ஓர் அலுமினியத் தகடு. அதைப் பிடித்திருக்கும் திருகுகளில் பாதி துருவேறி இறுகிப்போயிருக்கும். ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் வந்து கழற்ற வேண்டும். கடைசித் திருகும் கையோடு வந்த பிறகு தகட்டை மெல்ல நெம்பி எடுத்தால் உள்ளே மரத்தூண் தெரிய வேண்டும். தெரிவதோ பழுப்புத் தூள். விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. பல ஆண்டுகளாகக் கூரை ஓரத்தில் கசிந்த மழைத்தண்ணீர் அந்தத் தூணின் வழியாகவே இறங்கி, அடியில் தேங்கி, மரத்தைத் தின்றிருக்கிறது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது கம்பீரமான பேருந்து. உள்ளே அதைத் தாங்கிக்கொண்டிருந்தது பெயிண்டும் தகடும்தான்.

தன்னார்வலர்கள் நடத்தும் எந்தப் போக்குவரத்து அருங்காட்சியகமும் இந்த இடத்துக்கு ஒருநாள் வந்து நிற்கும். அன்றைக்கே பேச்சு மூன்றாகப் பிரியும். ‘எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பித்துச் சாலையில் ஓட்டுவோம்’ என்பார்கள் சிலர். ‘கை வைக்காதீர்கள், இருக்கிறபடியே காப்போம்’ என்பார்கள் வேறு சிலர். ‘வெளியே அழகாக பெயிண்ட் அடித்துக் காட்சிக்கு வைப்போம், உள்ளே பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மூன்றாவது குரல். நான்காவதாக ஒன்றும் உண்டு, அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனம் வராது: இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது, அல்லது உதிரி பாகங்களுக்காகப் பிரிப்பது. இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. பேச்சு வெறும் பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு பேருந்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். சேஸியும் (சக்கரங்களும் இன்ஜினும் பொருந்தும் அடிச்சட்டம்) இன்ஜினும் 1940களில் ஒரு பெரிய ஆலை ஆயிரக்கணக்கில் தயாரித்தவை. பாடி மட்டும் ஒரு சிறிய பட்டறை கட்டியது. அந்தப் பட்டறை என்றோ மூடப்பட்டுவிட்டது. அவர்கள் கட்டிய பாடிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்குவது இந்தத் துறையில் எப்போதுமே எளிதான பகுதி. 1939இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து, கைவிடப்படவிருந்த 31ஆம் எண் டிராம் வண்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சீஷோர் டிராலி மியூசியம். 1948இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டிராம்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று சுற்றுலா போன ஆர்வலர்கள், 1903இல் கட்டப்பட்ட 45ஆம் எண் வண்டியை 10 பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார்கள். கிரிச் டிராம் அருங்காட்சியகத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1956இல் லண்டனில் சில நண்பர்கள் சேர்ந்து 1929ஆம் ஆண்டின் டி31 என்ற பேருந்தை வாங்கியபோது, லண்டன் பேருந்து ஒன்றைத் தனியார் காப்பாற்றியது அதுவே முதல்முறை. மூன்றிலும் பணம் பெரிய தடையாக இருக்கவில்லை. வாங்கிய வண்டியை எங்கே நிறுத்துவது, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விதான் பல ஆண்டுகள் துரத்தியது. 1948இல் வாங்கிய வண்டிக்காரர்களுக்கு நிலையான இடமாக கிரிச் கல்குவாரி அமைந்தது 1959இல்.

ஓட்டுவது

ஓடும் பேருந்துக்கு இணை எதுவும் இல்லை என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். லண்டனின் பழைய ஆர்டி வகைப் பேருந்தில் ஓட்டுநர் அடுத்த கியரைக் கைப்பிடியால் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துவிடுவார். தேவையான நேரம் வந்ததும் காலால் ஒரு மிதி மிதிப்பார், கியர் மாறும். அந்த இரண்டு செயலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. இன்ஜின் முனகல் இறங்கி மறுபடி ஏறும், வண்டி லேசாகத் தலையாட்டும். இதை எந்த விளக்கப் பலகையாலும் சொல்லிவிட முடியாது. டிராலிபஸ் அதற்கு நேர்மாறு. தலைக்கு மேலே இரண்டு கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு அது ஓசையே இல்லாமல் கிளம்பும். பிரிட்டனில் டிராலிபஸ்கள் 1911இல் லீட்ஸிலும் பிராட்ஃபோர்டிலும் தொடங்கி, 1972 மார்ச்சில் பிராட்ஃபோர்டிலேயே முடிந்துபோயின. இன்று அந்த மௌனத்தை உணர வேண்டுமென்றால், பழைய விமானத் தளம் ஒன்றில் தன்னார்வலர்கள் தாங்களே கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்து வைத்திருக்கும் சாண்ட்டாஃப்ட் அருங்காட்சியகம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு பேருந்தை ஓடவைக்க ஒரு தெருவையே கட்டியிருக்கிறார்கள்!

ஓடும் வண்டிக்கு வேறு நன்மைகளும் உண்டு. நின்றே கிடக்கும் இயந்திரம் கெடும். சீல்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் டிரம்மில் துரு பூக்கும், டயர் ஒரே பக்கம் தட்டையாகும், டீசலில் தண்ணீர் சேர்ந்து நுண்ணுயிர் வளரும். மாதம் ஒருமுறையாவது சூடாகும் வரை ஓடவிட்ட இன்ஜின், மூடிவைத்த இன்ஜினைவிட நலமாக இருக்கும். பழைய பேருந்து இன்ஜின்கள் இதற்கு ஒத்துழைப்பவையும்கூட. கார்ட்னர் 6எல்டபிள்யூ என்ற புகழ்பெற்ற டீசல் இன்ஜினின் உச்ச வேகமே நிமிடத்துக்கு 1,700 சுற்றுதான். மெதுவாகச் சுற்றிப் பல்லாண்டு உழைப்பதற்கென்றே வார்த்த இரும்பு அது. இளைஞர்களை உள்ளே இழுப்பதும் ஓடும் வண்டிதான். புகை கக்கிக்கொண்டு புறப்படும் பேருந்தைப் பார்க்கக் கூட்டம் வரும், அந்தக் கூட்டத்தில் ஒருவர் அடுத்த வாரம் ஸ்பேனரோடு வந்து நிற்பார். நிற்கும் வண்டிக்கு அந்த ஈர்ப்பு குறைவு.

ஆனால் விலை உண்டு. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எதையோ தேய்க்கிறது. தேய்ந்ததை மாற்ற வேண்டும், மாற்றியது புதியது. மரத்தூண்கள் தூளாகிப்போன நம் பேருந்தைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால், பாடியின் எலும்புக்கூடு முழுவதையும் புது மரத்தில் செய்ய வேண்டியிருக்கும். பயணிகளை ஏற்றும் வண்டியில் ‘பாதித் தூண் தாங்கும்’ என்ற சமாதானத்துக்கு இடமில்லை. வேலை முடியும்போது அந்தச் சிறு பட்டறையின் தச்சர்கள் அறுத்து இழைத்துப் பொருத்திய மரம் எதுவும் மிஞ்சாது. வடிவம் இருக்கும், கைவேலை போய்விடும்.

இங்கே ஒரு வாதம் வழக்கமாக எழும்: பாகத்தை மாற்றினால் அது அதே பேருந்துதானா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பலர் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். பேருந்துகளைப் பொறுத்தவரை வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. லண்டன் பேருந்துகளைப் பெரும்பழுது பார்த்த ஆல்டன்ஹாம் பணிமனையில், உள்ளே வந்ததும் பாடியையும் அடிப்பகுதியையும் தனித்தனியே பிரித்துவிடுவார்கள். இரண்டும் வெவ்வேறு வரிசையில் பழுது பார்க்கப்படும். முடிந்ததும், தயாராக இருக்கும் அடிப்பகுதிமேல் தயாராக இருக்கும் பாடியை ஏற்றி, உள்ளே போன வண்டியின் எண்ணை அதற்குக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். ஒரே எண் பலகையோடு பணிமனைக்குள் போன பேருந்தும் வெளியே வந்த பேருந்தும் வேறு வேறு. ஆர்டி வகையில் 4,825 வண்டிகள் கட்டப்பட்டன, அவற்றில் பிறந்த நாளின் உடம்போடு ஓய்வு பெற்றவை மிகச் சில. ஆகவே அத்தகைய வண்டியில் ஒரு தகட்டை மாற்றுவது அதன் இயல்புக்கு விரோதமே இல்லை. தரப்படுத்தி, பாகம் மாற்றி ஓட்டுவதற்காகவே பிறந்தது அது. சிறு பட்டறை கட்டிய ஒற்றை வண்டிக்கு இந்த நியாயம் செல்லாது. எந்த வகை வண்டி என்று தெரியாமல் ‘பழைய பேருந்தை ஓட்டலாமா’ என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆள் கணக்கும் பார்க்க வேண்டும். பழைய கிராஷ் கியர்பாக்ஸ் வண்டியில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், நடுவில் இன்ஜின் வேகத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். தெரியாதவர் கையில் பல் உடையும். அந்தப் பல்சக்கரத்தைப் புதிதாக வெட்டித்தர ஆள் தேடுவது தனிக்கதை. இன்று இதைச் சரளமாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஓட்டுவது என்று முடிவெடுத்தால், அடுத்து ஓட்டப்போகும் இருவருக்கு இப்போதே கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும். கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றினால் அனுமதி, காப்பீடு, தணிக்கை என்று பல நாடுகளில் சட்டம் இறுகும். உள்வளாகத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டு நன்கொடைப் பெட்டி வைப்பதைப் பல குழுக்கள் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் புகைக்குழாயைச் சுற்றிய கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை மூடிய ஷெட்டுக்குள் முகமூடியில்லாமல் உப்புத்தாள் தேய்ப்பதும், பிரேக் டிரம்மை ஏர் கம்ப்ரஸரால் ஊதிச் சுத்தம் செய்வதும் கூடவே கூடாது. சம்பளம் வாங்காமல் வருகிற ஒருவருடைய நுரையீரலைவிட எந்தப் பேருந்தும் பெரிதில்லை. பிரித்து வேலை செய்வது என்று தீர்மானித்த அன்றே இதற்கான சோதனையையும் பாதுகாப்பையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

தொடாமல் காப்பது

‘தொடாமல்’ என்ற சொல் தவறான எண்ணத்தைத் தரும். மழையில் விட்டுவிட்டு ‘இருக்கிறபடியே வைத்திருக்கிறோம்’ என்று சொல்வது காப்பதாகாது. உண்மையில் இது நிறைய வேலை கேட்கும் வழி. கசிவை அடைப்பது, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது, பூச்சியை ஒழிப்பது, உளுத்த மரத்துக்கு உள்ளிருந்து பிசின் ஏற்றி அல்லது பக்கத்தில் துணைக்கட்டை கொடுத்துத் தாங்கவைப்பது, உரிந்துவரும் பெயிண்டை ஒட்டவைப்பது. செய்ததெல்லாம் பின்னால் ஒருவர் வந்து பிரித்தெடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: செய்ததை எழுதிவை, கழற்றிய அசல் பாகத்தை வண்டியோடு பத்திரப்படுத்து, புதிதாகப் போட்டதில் புதியது என்று அழியாத அடையாளம் இடு. அதே சாசனம் பழைய வண்டிகள் சாலையில் ஓட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. இரண்டு தரப்பும் அதை மேற்கோள் காட்டிச் சண்டை போடலாம்!

இந்த வழியின் பலன் உடனே தெரியாது. ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் அவர் மகன் ராபர்ட்டும் 1829இல் உருவாக்கிய ராக்கெட் ரயில் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் இன்ஜின் 1862இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதற்குள் அது எவ்வளவோ மாறிப்போயிருந்தது. யாராவது அன்றே ‘1829இல் இருந்தபடி’ ஆக்குகிறேன் என்று இறங்கியிருந்தால், மஞ்சள் வண்ணத்தில் பளபளக்கும் ஓர் அழகான பொய் நமக்குக் கிடைத்திருக்கும். அப்படி யாரும் செய்யவில்லை. அதனால்தான் 1999இல் அதை ஆராய்ந்தவர்களால், எந்தப் பாகம் முதலிலிருந்தே இருப்பது, எது பின்னால் மாற்றப்பட்டது என்று உலோகத்திலிருந்தே படிக்க முடிந்தது. ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1979இல் கட்டிய நகல் இருக்கிறது. அசல் சாட்சி சொல்கிறது, நகல் ஓடிக்காட்டுகிறது.

பேருந்திலும் அப்படிப்பட்ட சாட்சியம் உண்டு. பாடியின் ஒரு மூலையில் ஓர் அஞ்சல்தலை அளவு இடத்தை மிக மென்மையான உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தின் ஆண்டு வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாக நிறங்கள் வெளிவரும். மேலே கடைசி உரிமையாளரின் வெள்ளை. அதன் கீழ் நீலம். அதற்கும் கீழே பச்சையும், பச்சைக்கு முந்தைய மெல்லிய கிரீம் கோடும். எந்த ஆவணத்திலும் எழுதாமல் போன உரிமை மாற்றங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. முழுப் பேருந்தையும் உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டால் அது ஒரே நாளில் போய்விடும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் பயணச்சீட்டுத் துண்டுகளும், கண்டக்டர் நிற்கும் இடத்தில் தரைப்பலகை குழிந்திருக்கும் விதமும், ஏறும்போது எல்லோரும் ஒரே இடத்தில் பிடித்ததால் பெயிண்ட் தேய்ந்து உலோகம் மின்னும் கம்பியும் அப்படியே. அந்தக் கம்பியைப் பார்த்தால் அந்தக் காலப் பயணிகளின் சராசரி உயரத்தைக்கூட ஊகிக்கலாம் போலிருக்கும்.

குறை என்ன? பார்க்க வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் இது பழைய இரும்பு. ‘ஏன் இதை மட்டும் கவனிக்காமல் போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். அருகில் நின்று விளக்க ஓர் ஆள் வேண்டும், நல்ல வெளிச்சமும் உள்ளே எட்டிப்பார்க்க ஒரு படிமேடையும் வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால், குழுவுக்குள்ளேயே சில ஆண்டுகளில் ஆர்வம் வற்றி, வண்டி ஷெட்டின் கடைசி மூலைக்குத் தள்ளப்பட்டுவிடும்.

மேலே பெயிண்ட், உள்ளே பிறகு

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, திருவிழாவுக்கு முன் முடித்துவிடலாம், புகைப்படத்தில் நன்றாக இருக்கும். குழந்தைகள் ஏறி ஸ்டியரிங் பிடித்து விளையாட ஒரு வண்டி வேண்டும் என்றால், ஏராளமாக மிஞ்சியிருக்கும் வகையில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கலாம். அது நல்ல பயன்தான். ஆனால் நம் பேருந்து போன்ற ஒன்றுக்கு இதைச் செய்வதைக் கடுமையாக எதிர்க்கிறேன். உளுத்த தூணை மூடிப் புதுத் தகடு அடித்தால் உள்ளே ஈரம் மேலும் அடைபடும். அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகைப் போட்டால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அரிப்பு வேகமெடுக்கும். பெயிண்ட் அடுக்குகளின் சாட்சியமும் போய்விடும், வண்டியும் ஓடாது. எல்லாவற்றையும்விட மோசம், ‘அது முடிந்த வண்டி’ என்று எல்லோரும் நினைத்துக்கொள்வது. முடிந்த வண்டிக்கு மறுபடி நிதியும் ஆளும் கேட்பது எளிதல்ல.

கொடுத்துவிடுவது

வேலை தெரிந்த கை நான்கு, வண்டி பன்னிரண்டு. இப்படிப்பட்ட கணக்கில் திணறும் குழுக்களுக்கு நான் வெளிப்படையாகச் சொல்வேன்: கொடுங்கள். ஆசையோடு சேர்த்த வண்டி வெட்டவெளியில் மக்குவதைவிட, வேறு ஊரில் கூரைக்கு அடியில் நிற்பது மேல். யாரிடம் கொடுப்பது என்பதற்கு நல்ல அளவுகோல், அந்த வண்டி எங்கே உழைத்ததோ அந்த இடத்துக்கு நெருக்கமான சேகரிப்பு எது என்பது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் அருங்காட்சியகம் ஒரு விதி வைத்திருக்கிறது: அந்த வட்டாரத்தில் தயாரானவை, அல்லது அங்கே ஓடியவை மட்டும். கட்டடமும் அதே ஊரின் 1937ஆம் ஆண்டு டிராலிபஸ் டிப்போதான். பேருந்து மட்டுமல்லாமல் அந்தப் பகுதியில் தயாரான மற்றப் பொருள்களும் அங்கே உண்டு. இப்படி ஒரு வரி விதி இருந்தால், யாரோ ஒருவர் தூரத்து ஊர் வண்டியை ‘இலவசமாகத் தருகிறேன்’ என்று வரும்போது மறுப்பது சுலபம். விதி இல்லாத குழுதான் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கூடி, மனத்தாங்கலோடு முடிவெடுத்துக்கொண்டிருக்கும்.

உதிரிக்காகப் பிரிப்பதையும் பாவமாக நினைக்க வேண்டாம். அதே வகையில் பல இருந்து, இது மட்டும் எலும்பு முறிந்து கிடந்தால், இதன் கியர்பாக்ஸும் அச்சும் இன்னும் இரண்டு வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும். ஆனால் பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் அளந்து, படமெடுத்து, சேஸி எண்ணையும் பாடி எண்ணையும் குறித்துவைத்துவிட வேண்டும். பாடி கட்டியவரின் சிறு பித்தளைத் தகடு எங்காவது கதவு மேலே இருக்கும், அதை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

புதுப்பிப்பது என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அதை யோசிக்காமல் தாண்டிப்போகிறவர்கள் அதிகம். இருபத்தைந்து ஆண்டு உழைத்த வண்டிக்கு ஒரே முகம் கிடையாது. புதிதாக வந்தபோது ஒரு நிறம், போர்க்காலத்தில் முகப்பு விளக்குக்கு மூடி, பின்னால் இருக்கைத் துணி மாற்றம், கடைசியாகத் தானியங்கிக் கதவு. ‘புதிதாக வந்த நாள்’ என்பதையே எல்லோரும் இயல்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பளபளப்பு அன்றுதான் அதிகம் என்பதால். அந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் மீதி ஆண்டுகளின் தடயங்களைக் கழற்றி எறிய வேண்டிவரும்.

லண்டனில் 1910இல் ஓடத் தொடங்கிய பி வகைப் பேருந்துகள் இதற்கு நல்ல பாடம். முதல் உலகப் போரில் அவற்றில் நூற்றுக்கணக்கானவை படைவீரர்களை ஏற்றிச்செல்ல ஐரோப்பாவுக்குப் போயின. போய்த் திரும்பிய பி43 என்ற வண்டி போர் அருங்காட்சியகச் சேகரிப்பில் நிற்கிறது. பி2737 என்ற இன்னொன்றை லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் புதுப்பித்தது. 2014இல் அது முதலில் நகரத்துச் சிவப்பில் வெளிவந்தது, சில மாதங்களில் ஜன்னல்கள் மூடப்பட்டுக் காக்கி நிறத்துக்கு மாறி, போர்க்களம் இருந்த பெல்ஜியத்துக்கே ஓடியது. ஒரே வண்டியின் இரண்டு காலங்களையும் காட்டினார்கள். ஒன்று நின்று சாட்சி சொல்லட்டும், மற்றொன்று ஓடிக் கதை சொல்லட்டும் என்ற பங்கீடு இங்கேயும் தெரிகிறது.

என் விருப்பம், வண்டியின் உடம்பிலேயே அதிகத் தடயம் எஞ்சியிருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுப்பது. கதவு 1958இல் மாற்றியது, இருக்கையும் ஏறக்குறைய அப்போதையது, பெயிண்டின் மேல் அடுக்கும் அதையே சொல்கிறது என்றால் 1958க்கே திருப்புங்கள். குறைவாகக் கழற்றினால் போதும், ஊகிக்க வேண்டியதும் குறைவு. அந்த வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போன ஒருவர் வந்து பார்த்து, ‘ஆமாம், இந்த சீட்தான்’ என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது.

எதைச் செய்தாலும், முதலில் கூரை

நான்கு வழிகளையும் பேசினாலும், நிதி வந்ததும் முதல் செலவு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கூரை. நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள, தரை காய்ந்த, ஒழுகாத ஷெட். பேருந்தைக் கொல்வது பெரும்பாலும் மேலிருந்து வரும் தண்ணீர்தான். தார்ப்பாய் போட்டு மூடுவது தற்காலிகம். அடியில் ஈரம் வியர்த்து நிற்கும், காற்றில் அடித்து அடித்துப் பெயிண்டை அது அறுக்கும். பழைய டிப்போவே கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும். மான்செஸ்டரில் 1979இல் திறந்த போக்குவரத்து அருங்காட்சியகம் குவீன்ஸ் ரோடு டிப்போ வளாகத்தில்தான் இயங்குகிறது, பேருந்துகள் தங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

கூரை கிடைத்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிடத் தோன்றும். 2005 அக்டோபரில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ரயில் இன்ஜின்கள் நின்ற கொட்டகை தீப்பிடித்து, இருபதுக்கும் மேற்பட்ட வரலாற்று இன்ஜின்கள் ஒரே இரவில் கருகின. தீ எச்சரிக்கைக் கருவி, பேட்டரி இணைப்பைக் கழற்றி நிறுத்துவது, தொட்டியில் எரிபொருள் குறைவாக வைப்பது, பெயிண்டும் தின்னரும் தனி அறையில் வைப்பது ஆகிய சின்ன ஒழுங்குகளுக்குப் பெரிய செலவு கிடையாது. அங்கே எரிந்தவற்றில் ஜெர்மனியின் ஆரம்பகால ரயில் இன்ஜினான ஆட்லரின் 1935ஆம் ஆண்டு நகலும் ஒன்று. அதை மறுபடி கட்டி 2007இல் ஓட்டினார்கள். அளவுகளும் வரைபடங்களும் கையில் இருந்தால்தான் அப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

அதனால் காகிதத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பயணச்சீட்டுக் கட்டு, கண்டக்டரின் டிக்கெட் மெஷின், ஊர்ப்பெயர் எழுதிய துணிச்சுருள், டிப்போவின் பழுதுப் பதிவேடு, கால அட்டவணை. ஒரு பேருந்தின் பாடிச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது இவற்றைக் காப்பதற்கு. துணிச்சுருளைக் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், இன்று வழக்கொழிந்துபோன நிறுத்தங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும், நடுவில் ஓர் இடத்தில் பழைய பெயரை அறுத்துப் புதுப் பெயரைத் தைத்த தையலும் இருக்கும். ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் இப்போதே முதுமையில் இருக்கிறார்கள். மரத்தூணுக்கு இன்னும் ஐந்து ஆண்டு பொறுக்கலாம், அவர்கள் பேச்சைப் பதிவு செய்வதற்குப் பொறுக்க முடியாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்று தயங்கி வாசலில் நிற்கும் தன்னார்வலருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

இனி அந்தப் பேருந்துக்கு வருவோம். சேஸியும் இன்ஜினும் பொதுவானவை, பாடி உலகில் ஒன்றே ஒன்று. நான் அந்தக் குழுவில் இருந்தால் சாலையில் ஓட்டுவதற்கு ஓட்டுப் போட மாட்டேன். பாடியைக் காப்பதற்குப் போடுவேன். ஒரு நிபந்தனையோடு: இன்ஜினையும் பிரேக்கையும் சரிசெய்து, வளாகத்துக்குள் மட்டும், பயணிகள் இல்லாமல், நடக்கும் வேகத்தில் அது தன் சொந்த இன்ஜினிலேயே ஷெட்டைவிட்டு வெளியே வந்து திரும்பிப் போக வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து முறை போதும். அந்த வேகத்தில் பாடிக்கு அதிர்ச்சி குறைவு, உள்ளே கொடுத்த துணைக்கட்டைகள் தாங்கும். பயணிகளை ஏற்றிச் சாலையில் ஓடும் கடமையை, ஆயிரத்துக்கும் மேல் மிஞ்சியிருக்கும் லண்டன் ரூட்மாஸ்டர் போன்ற வகையில் ஒன்றிடம் விட்டுவிடலாம். 2,876 கட்டப்பட்ட அந்த வண்டியின் அலுமினிய பாடியும் கழற்றி மாட்டும் அடிப்பகுதியும் பழுதுபார்க்க எளிதாக இருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. தேய்ந்தால் பாகம் கிடைக்கும்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது இது. கழற்றிய தகட்டின் பின்பக்கத்தில் இடம் எது, பக்கம் எது, தேதி என்ன என்று எழுதுங்கள். திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு அதன்மேலும் அதே குறிப்பை ஒட்டுங்கள். தூளாகிப்போன தூணில் உறுதியாக எஞ்சியிருக்கும் மேல்முனையை, அதில் இருக்கும் தச்சனின் பென்சில் கோட்டோடு சேர்த்துப் படமெடுங்கள். பேருந்தின் கூரை ஓரத்தில் கசியும் அந்த இடத்தை அடைத்துவிடுங்கள். தகட்டை இப்போதைக்குத் திரும்ப மாட்ட வேண்டாம், உள்ளே காற்றுப் போகட்டும்.